ரப்பராடையும் நம்மவர் நகைப்பும்

மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் 1896-ஆம் ஆண்டில் தான் சே யான் என்பார் ரப்பரை வாணிபப் பயிராக நட்டார். பின்னர்த் தலைமுறை தலைமுறையாக நம்மவர் அம்மரத்தைச் சீவி, மங்கிற் பால் ஏந்தி, ஒட்டுப்பால் நாற்றத்தோடு வீடு திரும்பினர். இன்று அவ்விடங்களிற் பெரும்பாலும் செம்பனை நிற்கின்றது. எனினும், கழுத்து முதற் கணுக்கால் வரை உடலோடு ஒட்டிநிற்கும் ரப்பராடையை ஓர் ஆடவன் விரும்பி உடுத்தினான் என்று கேட்டவுடன், "சீச்சீ, ஈதென்ன கூத்து!" என்று முகஞ்சுளிக்கும் பெரியோர் மாத்திரம் நம்மிடையே குறைந்தபாடில்லை.

தோட்டத்திற் கணக்கெழுதும் நாம் அவர்களைக் கேட்கின்றோம்: பால் கையிற் பட்டாற் பிழைப்பு, மெய்யிற் பட்டால் மானக்கேடா? 1823-இல் மக்கிண்டாஷ் என்பார் ரப்பர் பூசிய துணிக்கு உரிமைப்பட்டயம் பெற்ற நாள் முதல், மழைக்கு ரப்பர் அங்கி அணிவதை ஒருவரும் பழித்திலர். மனமகிழ்ச்சிக்கு அணிந்தால் மட்டும் ஒழுக்கம் கெட்டுவிடுமோ? பிறருக்குத் தீங்கு செய்யாத ஆடையில் ஒழுக்கக்கேடு எங்கே ஒளிந்திருக்கின்றது? உடுத்தும் துணியைக் கொண்டு மனிதனை அளந்த கொடுமையை நம் முன்னோர் அனுபவித்தது போதாதா?

நிற்க. இந்நகைப்பினால் விளையும் பயன் யாது? மறைவு ஒன்றே. நாணி மறைத்து உடுத்துவோன் யாரிடமும் கேட்டறியான். எளிதில் நுழையலாமென்று தேங்காயெண்ணெய் பூசுவான். எண்ணெயோ ரப்பரை உப்பச்செய்து வலியிழக்கச் செய்யும். டால்கம் மாவும் சிலிக்கோன் திரவமுமே தக்கவை. உடலைப் பல இடங்களில் நாடாவால் அளந்து, சுமார் 0.4 மில்லிமீட்டர் கனமுள்ளதைத் தெரிந்தெடுத்தல் தொடக்கத்திற்கு நன்று. நகம் வெட்டி, மோதிரம் கழற்றி உடுத்துதல் வேண்டும். ரப்பரிலுள்ள புரதம் சிலருக்கு ஒவ்வாது. தடிப்போ மூச்சிரைப்போ கண்டால் அக்கணமே களைந்து வைத்தியரை நாடுக.

எல்லாவற்றினும் பெரிது வெப்பம். இவ்வாடைக்குள் வியர்வை ஆறாது. மலாக்காவின் நண்பகற் சூட்டில் நெடுநேரம் அணிதல் உயிருக்கே ஆபத்து. நாணத்தினாற் கதவைத் தாழிட்டவன் மயங்கி வீழ்ந்தால் உதவுவார் யார்? அப்பொழுது நகைத்தவர்கள் வந்து பொறுப்பேற்பார்களா?

களைந்த ஆடையை இளஞ்சூட்டு நீரில் அலசி, நிழலில் உலர்த்தி, மாவு தூவி, இருளில் வைத்தல் வேண்டும். வெயில் அதனைக் கெடுக்கும். செம்பும் பித்தளையும் கறைப்படுத்தும்.

தோழர்களே! பட்டையைக் காயப்படுத்தாது சீவும் நுட்பமறிந்த சமூகம், அப்பாலின் இயல்பை அறியாதிருத்தல் அழகன்று. உடுத்துவதும் உடுத்தாததும் அவனவன் உரிமை. உயிர்காக்கும் அறிவை நகைப்பினால் மறைப்பதே உண்மையான மானக்கேடு என்போம்.