கால் பங்கு தூரம்

போன மாசம் எங்கள் வங்கியில் ஒருநாள் பயிற்சி வகுப்பு. நடத்த வந்தவர் டை கட்டிய ஆசாமி. “கிளை மேலாளர்தான் குவாட்டர்பேக். அவர் காட்டுற திசையில மத்தவங்க ஓடணும்” என்றார். பின்வரிசையில் ஒரே சிரிப்பு. நம்ம ஊரில் குவாட்டர் என்றால் டாஸ்மாக் கடையில் விற்பதுதானே! நானும் சிரித்தேன். ஆனால் அந்தச் சொல் மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டது. தேடிப் படித்தேன். படித்த பிறகு சிரிப்பு வரவில்லை.

அமெரிக்கக்காரன் கால்பந்து என்று சொல்வது நம்ம கால்பந்து இல்லை. முட்டை வடிவப் பந்து, பெரும்பாலும் கையில்தான் இருக்கும். ஓர் அணிக்கு 11 பேர். இரண்டு அணியும் எதிரெதிரே வரிசை கட்டி நிற்க, நடுவில் குனிந்து நிற்பவன் தன் இரண்டு கால்களுக்கிடையே பந்தைப் பின்னுக்குக் கொடுப்பான். அதை வாங்குகிறவன்தான் குவாட்டர்பேக். வரிசைக்குப் பின்னால் நிற்கிறவர்களை, எவ்வளவு தள்ளி நிற்கிறார்கள் என்று பார்த்துக் கால், அரை, முழு என்று பிரித்தார்கள். கால் பங்கு தூரம் தள்ளி நிற்கிறவன் குவாட்டர்பேக். பேரின் கதை அவ்வளவுதான். அந்தச் சொல்லுக்குள் மூளையும் இல்லை, தலைமையும் இல்லை. வெறும் தூரம்.

1880இல் வால்டர் கேம்ப் என்பவரின் முயற்சியால் இந்த ஆட்டமுறை விதியானது. அப்போது குவாட்டர்பேக், பந்தை வாங்கியதும் தானே அதை எடுத்துக்கொண்டு முன்னால் ஓடக்கூடாது. வாங்கி இன்னொருவன் கையில் கொடுக்கிற எடுபிடி வேலைதான். 1906இல் பந்தை முன்னோக்கி எறியலாம் என்று விதி மாறியது. அதன் பிறகு கொஞ்சங்கொஞ்சமாக அந்த இடத்துக்கு அதிகாரம் வந்து சேர்ந்தது. ஒவ்வொரு ஆட்டத்திலும் யார் எங்கே ஓடணும், பந்து யாருக்குப் போகணும் என்பதைக் களத்தில் நின்று தீர்மானிக்கிறவன் அவனே. களத் தளபதி என்று எழுதினார்கள். பெரிய சம்பளம், பெரிய புகழ். சொல்லும் ஆடுகளத்தைத் தாண்டி ஆபீசுக்குள் வந்தது. ஒரு வேலையைத் தலைமையேற்று நடத்தினால் ‘குவாட்டர்பேக் செய்தார்’ என்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடிந்த பிறகு ‘அப்படி ஆடியிருக்கணும், இப்படி எறிஞ்சிருக்கணும்’ என்று வியாக்கியானம் பண்ணுகிறவனுக்குத் ‘திங்கட்கிழமைக் காலைக் குவாட்டர்பேக்’ என்று பேர்.

இடத்துக்கு அதிகாரம் வந்தால் வேலியும் வரும். இது நமக்குத் தெரியாததா?

அமெரிக்காவின் தேசியக் கால்பந்து லீக்கில் 1934 முதல் 1945 வரை ஒரு கறுப்பர்கூட ஆடவில்லை. 1946இல் வாசல் திறந்தது. ஆனால் உள்ளே இன்னொரு கதவு இருந்தது. ஓடு, மோது, பிடி. ஆனால் யோசிக்கிற இடத்துக்கு வராதே. கல்லூரியில் குவாட்டர்பேக்காக ஆடி ஜெயித்த கறுப்பு இளைஞர்களை, ‘உனக்குக் கால் வேகம் ஜாஸ்தி’ என்று சொல்லி வேறு இடங்களுக்கு மாற்றினார்கள். பாராட்டு மாதிரியே இருக்கும். பாராட்டித்தான் வெளியே தள்ளினார்கள்.

1968இல் டென்வர் அணி மார்லின் பிரிஸ்கோ என்பவரைத் தடுப்பாட்டக்காரராக எடுத்தது. மற்றவர்கள் சரியில்லாமல் போனதால் குவாட்டர்பேக்காக இறக்கியது. அந்த ஒரே பருவத்தில் 14 முறை அவர் எறிந்த பந்து இலக்கைச் சேர்ந்தது. அடுத்த வருஷம் அந்த இடம் அவருக்கு இல்லை. வேறு அணிக்குப் போய்ப் பந்து பிடிக்கிறவராக ஆடினார். வாரன் மூனை 1978இல் ஒரு அணியும் தேர்ந்தெடுக்கவில்லை. கனடாவுக்குப் போய் வரிசையாக 5 கோப்பை ஜெயித்த பிறகு, 1984இல்தான் சொந்த நாட்டு லீக்கில் இடம் கிடைத்தது.

1988 ஜனவரி 31. சூப்பர் பௌல் இறுதி ஆட்டம். வாஷிங்டன் அணியின் டக் வில்லியம்ஸ் இரண்டாவது கால் பகுதியில் மட்டும் 4 முறை எறிந்து இலக்கைச் சேர்த்தார். 42-10 என்று வெற்றி. ஆட்ட நாயகனும் அவரே. சூப்பர் பௌலில் முதல் கறுப்புக் குவாட்டர்பேக் அவர்தான். ‘கறுப்பனுக்கு அந்த இடம் ஒத்துவராது’ என்று பேசியவர்களுக்கு அதற்குமேல் என்ன பதில் வேண்டும்?

பதில் போதவில்லை. ஏனென்றால் அது கேள்வியே இல்லை, நம்பிக்கை. கறுப்பனுக்கு உடம்பு, வெள்ளையனுக்கு மூளை என்கிற நம்பிக்கை. தலையில் அடிபட்டு மூளை பாதிக்கப்பட்ட பழைய ஆட்டக்காரர்களுக்கு நஷ்டஈடு கொடுப்பதாக அந்த லீக் 2013இல் ஒப்புக்கொண்டது. பாதிப்பை அளக்கும்போது கறுப்பர்களுக்குத் தனிக் கணக்கு. அவர்களுக்கு ஆரம்பத்திலேயே அறிவுத்திறன் குறைவு என்று வைத்துக்கொண்டு மதிப்பெண் போட்டார்கள். அதனால் பாதிப்பு குறைச்சலாகத் தெரியும், நஷ்டஈடும் தட்டிப்போகும். வழக்குப் போட்ட பிறகு 2021இல்தான் அந்த முறையைக் கைவிடுவதாகச் சொன்னார்கள். களத்தில் மூளை இல்லை என்றார்கள். அந்த மூளை அடிபட்ட பிறகு, இழக்க உன்னிடம் என்ன இருந்தது என்றார்கள். ஒரே சூத்திரம்.

‘அதெல்லாம் பழங்கதை. 2023 சூப்பர் பௌலில் இரண்டு அணிக்கும் கறுப்பர்தானே குவாட்டர்பேக்?’ என்று கேட்பார்கள். உண்மைதான். பேட்ரிக் மஹோம்ஸ், ஜேலன் ஹர்ட்ஸ். சந்தோஷப்படுகிறேன். ஆனால் அப்படி ஒரு நாள் வர 57ஆவது இறுதி ஆட்டம் வரைக்கும் ஆயிற்று. 2018இலும்கூட லாமார் ஜாக்சனை ‘நீ பந்து பிடிக்கப் போ’ என்று சொன்ன பெரிய மனுஷர்கள் இருந்தார்கள். அவர் மறுத்தார். 2019ஆம் ஆண்டுப் பருவத்தின் தலைசிறந்த ஆட்டக்காரர் என்று அத்தனை ஓட்டும் அவருக்கே விழுந்தது.

எனக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். 1972இல் பம்பாயில் தலித் சிறுத்தைகள் என்று பேர் வைத்தபோதே அமெரிக்கக் கருஞ்சிறுத்தைகளோடு உறவு சொல்லிவிட்டோம். அதைவிடக் கிட்டத்தில் ஒரு காரணம் உண்டு. கவுண்டரில் என்னைப் பற்றிச் சொல்லும்போது ‘நல்ல உழைப்பாளி’ என்பார்கள். பக்கத்து நாற்காலிக்காரரை ‘கெட்டிக்காரர்’ என்பார்கள். இரண்டும் பாராட்டுதான். கடன் மனுவைப் பரிசீலிக்கிற மேசைக்கு யாரைக் கூப்பிடுவார்கள் என்பது அந்த இரண்டு சொல்லிலேயே முடிவாகிவிடுகிறது.

ஒரு இடத்துக்கு வைத்த பேரில் அறிவு இல்லை, பிறப்பு இல்லை, நிறம் இல்லை. கால் பங்கு தூரம் மட்டும் இருந்தது. மற்றதையெல்லாம் பிற்பாடு ஏற்றினார்கள். ஏற்றினதை இறக்கவும் முடியும் என்பதற்கு பிரிஸ்கோவும் வில்லியம்ஸும் சாட்சி. எங்களைத் தள்ளி நிற்கச் சொல்லியும் தூரம் அளந்தவர்கள் உண்டு. அளவுகோல் யார் கையில் என்பதுதான் பேச்சு.

அந்த டை கட்டியவர் மறுபடி வந்தால் எழுந்து கேட்பதாக இருக்கிறேன். “ஐயா, குவாட்டர்பேக் யாருன்னு சொன்னீங்க. அந்த இடத்தில யாரை நிக்கவே விடலைங்கிறதையும் சொல்லிட்டு மேல பேசுங்க.”