கேசட்டைக் குறை சொல்லாதீர்கள்!



பயாஸ் என்ற சொல்லை முதன்முதலாக அகராதியில் பார்த்தபோது 'ஒருதலைப்பட்சம்' என்று போட்டிருந்தது. "டேப் ரெக்கார்டருக்கு எதுக்குடா பட்சபாதம்?" என்று ஹாஸ்டலில் சிரித்தோம். இப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என் அப்பத்தாவை நான் பார்த்ததில்லை. அவர் பாடிய தாலாட்டு மட்டும் ஒரு கேசட்டில் இருக்கிறது. வளைகுடாவிலிருந்து வந்த மாமா 1994-ல் தன் டெக்கில் பதிந்தது. போட்டால் கம்பளிக்குள் இருந்து பாடுவதுபோல் கேட்கும். "எங்காத்தா குரல் கணீர்னு இருக்கும்டா. கேசட் மட்டம்" என்பார் அப்பா.

டேப்பில் பூசிய காந்தத் துகள்கள் சின்ன சிக்னலுக்கு அசைந்து கொடுக்காது. ஒலியை அப்படியே கொடுத்தால் உருக்குலைந்துதான் பதியும். அதனால் காதுக்கு எட்டாத, சுமார் 100 கிலோஹெர்ட்ஸ் ஏ.சி. பயாஸைச் சேர்த்துப் பதிகிறார்கள். 1940-ல் ஜெர்மன் வானொலியின் வெபரும் பிரவுன்மூலும் இதைக் கையாண்ட பிறகுதான் டேப்பில் இரைச்சல் அடங்கியது.

அளவுதான் இங்கே முக்கியம். பயாஸ் குறைந்தால் டிரெபிள் தூக்கும், கரகரக்கும். கூடினால் பதியும்போதே டிரெபிள் அழிந்து, குரல் மழுங்கிவிடும். சாதாரண ஃபெர்ரிக் டேப்பைவிட குரோம் டேப்புக்குச் சுமார் ஒன்றரை மடங்கு பயாஸ் வேண்டும்.

போன விடுமுறையில் அந்த டெக்கை எடுத்தேன். ஹெட்டைத் துடைத்தேன். அஸிமத் ஸ்குரூவைச் சரிபார்த்தேன். குரல் மாறவில்லை. பிறகுதான் முன்பக்க சுவிட்ச் கண்ணில் பட்டது. குரோமில் நின்றது! கேசட்டோ சாதா ஃபெர்ரிக். புதிய ஃபெர்ரிக் கேசட்டில் அம்மாவைப் பேசச் சொல்லி இரண்டு நிலையிலும் பதிந்தேன். நார்மலில் தெளிவு, குரோமில் அதே கம்பளி. அன்றும் இதுதான் நடந்திருக்க வேண்டும்.

நார்மலுக்குத் தள்ளி அப்பத்தாவைக் கேட்டால் டிரெபிள் கொஞ்சம் கூடுகிறது. கூடவே இரைச்சலும் கூடுகிறது. பதியும்போது போனது போனதுதான்.

"கேசட் காலமே போச்சே, இதெல்லாம் எதற்கு?" என்று கேட்பீர்கள். டிரான்சிஸ்டருக்கும் பயாஸ் உண்டே! ஹிஸ்டரிசிஸ் வளைகோடு வரைந்து மார்க் வாங்குகிறோம். அந்த வளைவு ஒரு குரலை என்ன செய்யும் என்று காதால் கேட்டதுண்டா? ஒரு மதியம் போதும். 400 ஹெர்ட்ஸ், 10 கிலோஹெர்ட்ஸ் இரண்டையும் மைனஸ் 20 டெசிபலில் பதிந்து, திரும்பப் போடும்போது சமமாக வரும்வரை பயாஸைத் திருப்பிப் பார்த்தால், பத்துப் பக்க நோட்ஸ் சொல்லாதது புரியும்.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. எங்கள் வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான், தமிழ் மீடியம். முதல் செமஸ்டரில் மூன்று அரியர். "சரக்கு மட்டம்" என்றார்கள். நானும் நம்பினேன். சுவிட்ச் எதில் நிற்கிறது என்று யாரும் பார்க்கவில்லை. சீனியர் ஒருவர் அதே பாடத்தைத் தமிழில் சொல்லிக்கொடுத்தார். மூன்றும் கிளியர்!

மாணவர் மன்றத்துக்கு ஒரு வேண்டுகோள். வீட்டுக் கேசட்டுகளை எடுத்துவந்து சோதிக்க லேபில் ஒருநாள் ஏற்பாடு செய்யுங்கள். அப்பத்தாவின் கேசட்டோடு முதல் ஆளாக நான் வருகிறேன். அப்பாவையும் கூட்டி வருகிறேன்.