பொற்கன்றும் மாட்டுத் தொழுவமும்

உழைப்பும் ஓய்வும் மாறி மாறி வருவதே மனித வாழ்வு. உழைத்துக் களைத்த உள்ளத்திற்கு ஊக்கமும், பிரிந்திருந்த சுற்றத்திற்குக் கூடும் வாய்ப்பும், பெற்ற நன்மைகளை எண்ணி இறைவனுக்கு நன்றி கூறும் மனப்பாங்கும் தருவதற்காகவே நம் முன்னோர் விழாக்களை வகுத்தனர். பல இனத்தாரும் பல சமயத்தாரும் கூடி வாழும் நம் மலேசியத் திருநாட்டில் ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒரு பெருநாள் வந்துகொண்டேயிருப்பது நாம் பெற்ற பேறு என்றால் அது மிகையாகாது. 2020 ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்நாட்டு மக்களுள் கிறிஸ்தவர்கள் 9.1 விழுக்காட்டினரே ஆவர். ஆயினும் டிசம்பர்த் திங்கள் 25 ஆம் நாள் அனைவர்க்கும் பொது விடுமுறை நாளாகத் திகழ்கிறது. நம் தமிழ்ப்பள்ளிகளில் பயிலும் கிறிஸ்தவ மாணவர் சிலரே எனினும், கிறிஸ்துமஸ் என்னும் சொல்லை அறியாத மாணவர் ஒருவரும் இலர்.

ஆனால், அச்சொல்லைக் கேட்டவுடன் நம் குழந்தைகளின் மனக்கண்முன் தோன்றுவது யாது? பெத்லகேம் நகரத்து மாட்டுத் தொழுவமா? அன்று, பேரங்காடியின் நடுக்கூடத்தில் வானளாவ நிற்கும் மின்விளக்கு மரமே தோன்றுகிறது. தீபாவளிக்காக அங்கே வரைந்த அரிசிக் கோலத்தை அகற்றிய சில நாள்களிலேயே அம்மரம் முளைத்துவிடுகிறது. அம்மரத்தை அகற்றியதும் சீனப் புத்தாண்டின் சிவப்பு விளக்குகள் தொங்கத் தொடங்கிவிடுகின்றன. அலங்காரம் மாறுகிறது, வாழ்த்துப் பாடலும் மாறுகிறது. "வாங்குங்கள், இன்னும் வாங்குங்கள்" என்னும் அழைப்பு மட்டும் மாறுவதே இல்லை. ஒவ்வொரு விழாவிற்கும் உரிய தனிப்பொருள் மறைந்து, எல்லா விழாக்களும் ஒரே சந்தையின் வெவ்வேறு நாள்களாகச் சுருங்கி வருவதைக் காண நேர்வது வருந்தத்தக்கதன்றோ?

இந்நிலையைக் கிறிஸ்தவ நெறி எவ்வாறு நோக்குகிறது என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். திருமறை இதற்கு ஒரு கடுமையான சொல்லை ஆள்கிறது. சிலை வழிபாடு என்பதே அச்சொல். பல சமயத்தார் பயிலும் பள்ளியின் மலரில் இச்சொல்லை எழுதும்பொழுது அதன் பொருளைத் தெளிவுறுத்துவது கடமையாகும். பவுலடியார் கொலோசை நகரத்தார்க்கு வரைந்த மடலில், பொருளாசையே சிலை வழிபாடு என்று அறுதியிட்டு உரைக்கிறார். அம்மடலை அவர் யாருக்கு எழுதினார்? கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டு திருச்சபையில் சேர்ந்துவிட்ட மக்களுக்கே எழுதினார். அண்டை வீட்டாரின் பூசையறையை நோக்கிச் சுட்டுவிரல் நீட்டுவதற்கு அவ்வரி உதவாது. சிலைகளைத் துறந்துவிட்டோம் என்று பெருமை பேசுகின்ற கிறிஸ்தவன் தன் நெஞ்சுக்குள் எதனை அமர்த்தி வைத்திருக்கிறான் என்று அவனையே கேட்கும் வரி அது.

இயேசுபிரானும் இதனையே தம் மலைப்பொழிவில் தெளிவுபடுத்தினார். ஒருவன் இரண்டு தலைவர்களுக்கு ஊழியம் செய்ய இயலாது என்றும், கடவுளுக்கும் செல்வத்துக்கும் ஒருசேரப் பணிவிடை செய்வது ஆகாது என்றும் அவர் போதித்தார். செல்வத்தை அவர் ஒரு பொருளாகக் கூறாமல் ஒரு தலைவனாகவே கூறியிருப்பது நம் சிந்தனைக்குரியது. பொருள் நம் கையில் இருக்கும்வரை அது கருவி; நமக்கு ஆணையிடத் தொடங்கிவிட்டால் அது தெய்வம். "அண்டை வீட்டார் வாங்கிவிட்டார்கள், நாமும் வாங்கியே ஆக வேண்டும்" என்று உள்ளிருந்து ஒரு குரல் ஆணையிட, மறுப்பேதும் கூறாமல் நாம் பணிந்து நடப்போமாயின், அங்கே வழிபாடு நடைபெறுகிறது என்பதில் ஐயமில்லை.

திருமறையின் யாத்திராகமத்தில் வரும் பொற்கன்றின் வரலாறு இதனை மேலும் விளக்கும். எகிப்து நாட்டின் அடிமைத்தளையினின்று விடுபட்ட இசுரவேல் மக்கள், மோசே மலையினின்று இறங்கிவரக் காலம் தாழ்த்தவே, பொறுமையிழந்து தமக்கொரு தெய்வம் வேண்டும் என்று ஆரோனிடம் முறையிட்டனர். ஆரோன் அவர்களிடம் கேட்டது என்ன தெரியுமா? அவர்தம் மனைவியர், புதல்வர், புதல்வியர் ஆகியோரின் காதுகளில் இருந்த பொன் அணிகளையே கேட்டார். அவற்றை உருக்கியே அக்கன்று செய்யப்பட்டது. பெரியவர்களின் பொறுமையின்மைக்குப் பிள்ளைகளின் காதணிகள் விலையாயின! பொய்த் தெய்வத்தை இனங்கண்டுகொள்ள இதனினும் சிறந்த அடையாளம் வேறில்லை. மெய்யான இறைவன் மனிதனுக்குக் கொடுக்கிறான். பொய்த் தெய்வமோ வீட்டில் உள்ளவர்களிடமிருந்து பறித்துக்கொள்கிறது.

இன்றைய பொற்கன்றும் அவ்வாறே பறிக்கிறது. விழாச் செலவுக்காக அடகுக் கடைக்குச் செல்லும் நகைகள் எத்தனை! வட்டி முதலைகளிடம் சிக்கிச் சீரழிந்த குடும்பங்கள் எத்தனை! கடன் அட்டையையே எடுத்துக்கொள்வோம். 1,000 ரிங்கிட்டுக்குப் பொருள்கள் வாங்கிய ஒருவர், ஆண்டுக்கு 18 விழுக்காடு வட்டியில், மாதந்தோறும் 50 ரிங்கிட் மட்டுமே செலுத்தி வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அக்கடன் தீர ஏறத்தாழ 24 மாதங்கள் ஆகும். அவர் செலுத்தும் மொத்தத் தொகை 1,200 ரிங்கிட்டை நெருங்கும். அதற்குள் மேலும் இரண்டு கிறிஸ்துமஸ் வந்துவிடும்! ஒரு நாள் மகிழ்ச்சிக்காக வாங்கிய பொம்மை உடைந்து குப்பைக்குச் சென்ற பின்னரும் அதற்குரிய கடன் உடையாமல் வீட்டில் அமர்ந்திருக்கும்.

பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோர் இதில் கூடுதல் விழிப்புடன் இருத்தல் வேண்டும். சில ஆண்டுகளாக மார்ச்சுத் திங்களுக்குத் தள்ளிப் போயிருந்த பள்ளித் தொடக்கம், 2026 ஆம் ஆண்டில் மீண்டும் ஜனவரிக்கே திரும்பியது. எனவே கிறிஸ்துமஸ் செலவும், சீருடை, காலணி, புத்தகப்பை, பயிற்சிநூல் ஆகியவற்றின் செலவும் அடுத்தடுத்து வந்து நிற்கின்றன. டிசம்பர்ச் சம்பளம் ஒன்றே, வாயில்கள் இரண்டு. முதல் வாயிலில் முழுவதையும் கொட்டிவிட்டால் இரண்டாம் வாயிலில் வெறுங்கையுடன் நிற்பவர் யார்? பிள்ளையே அன்றோ!

இனி, கிறிஸ்து பிறந்த தொழுவத்தை ஒருகணம் எண்ணிப் பார்ப்போம். சத்திரத்தில் இடமில்லை, குழந்தையைத் துணியில் சுற்றி, கால்நடைகளுக்குத் தீவனம் இடும் முன்னணையில் கிடத்தினாள் தாய். அப்பிறப்பின் நற்செய்தி முதன்முதலில் இரவில் மந்தையைக் காத்துக்கொண்டிருந்த ஆயர்களுக்கே அறிவிக்கப்பட்டது. அக்குழந்தையை எருசலேம் தேவாலயத்திற்குக் கொண்டு சென்றபொழுது பெற்றோர் செலுத்திய காணிக்கை, ஒரு சோடிக் காட்டுப்புறா அல்லது இரண்டு புறாக்குஞ்சுகள் என்னும் விதிப்படி அமைந்ததாக லூக்கா எழுதுகிறார். ஆட்டுக்குட்டி வாங்க வசதியற்ற ஏழைகளுக்கென மோசேயின் சட்டம் வகுத்த காணிக்கை அது. இயேசுபிரானின் பெற்றோர் கடன்பட்டு ஆடு வாங்கவில்லை. தம்மால் இயன்றதைச் செலுத்தித் தலைநிமிர்ந்து திரும்பினர். இந்த எளிமையை மக்கள் கண்ணாரக் காண வேண்டும் என்று விரும்பிய அசிசி நகர்ப் புனித பிரான்சிசு, 1223 ஆம் ஆண்டில் இத்தாலியின் கிரேச்சோ என்னும் சிற்றூரில் வைக்கோலும், எருதும், கழுதையும் கொண்டு ஒரு குடிலை அமைத்தார். இன்று நம் இல்லங்களிலும் ஆலயங்களிலும் நாம் அமைக்கும் குடில் அதன் வழிவந்ததே.

கிறிஸ்துமஸ் தாத்தாவின் கதையும் இங்கு நோக்கத்தக்கது. நான்காம் நூற்றாண்டில் இன்றைய துருக்கி நாட்டில் உள்ள மீரா நகரின் ஆயராக விளங்கிய நிக்கொலாசு என்னும் புனிதரே அவருக்கு மூலமாவார். வறுமையால் திருமணம் தடைப்பட்டு நின்ற மூன்று பெண்களின் வீட்டிற்குள் அவர் இரவோடிரவாகப் பொற்காசுகளைப் போட்டுச் சென்றார் என்பது செவிவழி வரலாறு. கொடுத்தவர் யார் என்று பெற்றவர் அறியலாகாது என்பதே அவரது கருத்து. காலப்போக்கில் அவர் ஐரோப்பாவினின்று அமெரிக்கா சென்று, ஓவியர் கைகளில் உருமாறி, 1931 ஆம் ஆண்டு முதல் கொக்கோ கோலா பான விளம்பரங்களிலும் சிரித்த முகத்துடன் தோன்றலானார். மறைவில் கொடுத்த மாமனிதர், வெளிச்சத்தில் விற்கும் விளம்பரமானார்! விழா சென்ற பாதையை இந்த ஒரு மாற்றமே உணர்த்தவில்லையா?

"அப்படியாயின் புத்தாடை வேண்டாமா? பலகாரம் வேண்டாமா? குழந்தைக்கு ஒரு பொம்மையும் வாங்கலாகாதா?" என்று சிலர் வினவலாம். நியாயமான வினாவே. கிழக்கிலிருந்து வந்த ஞானியர் அக்குழந்தைக்குப் பொன்னும் தூபமும் வெள்ளைப்போளமும் அளித்தனர். அவர்களை எவரும் கடிந்துகொள்ளவில்லை. கானாவூர்த் திருமண விருந்தில் இரசம் தீர்ந்தபொழுது அக்குறையை நீக்கியவர் இயேசுபிரானே. பெத்தானியா ஊர் மரியாள் விலையுயர்ந்த நறுமணத் தைலத்தை அவர் பாதங்களில் பூசியபொழுது, அதனை 300 தெனாரியத்திற்கு விற்று ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்று குறைகூறியவன் யூதாசு. ஒரு தெனாரியம் அக்காலத் தொழிலாளியின் ஒருநாள் கூலியாகும். அவ்வளவு பெரிய செலவையும் ஆண்டவர் ஏற்றுக்கொண்டார். ஏனெனில் அது அன்பிலிருந்து பிறந்தது. ஆகவே கிறிஸ்தவ நெறி கஞ்சத்தனத்தைப் போதிக்கவில்லை. ஏழையின் பெயரைச் சொல்லிப் பிறர் மகிழ்ச்சியைக் கெடுப்பதும் அறமாகாது. அன்பினால் கொடுப்பது காணிக்கை. பிறர் பார்க்க வேண்டும் என்று கொடுப்பது பொற்கன்றுக்குப் படையல். பொருள் ஒன்றாக இருக்கலாம், வழிபாடு வேறு.

நாம் செய்யத்தக்கது யாது? நம் நாட்டில் திறந்த இல்ல உபசரிப்பு என்னும் அரிய பண்பாடு உண்டு. விருந்து வைக்கும்பொழுது, திரும்ப அழைக்கக்கூடிய செல்வரை விட்டு, திரும்பச் செய்ய வழியற்ற ஏழைகளையும் உடற்குறையுடையோரையும் அழைக்குமாறு இயேசுபிரான் அறிவுறுத்தினார். அவ்வறிவுரையைக் கைக்கொள்ள இதனினும் நல்ல வாய்ப்பு உண்டோ? நம் இல்லத்தின் கதவு திறந்திருப்பது மட்டும் போதாது. தயங்கி நிற்பவரைச் சென்று அழைத்துவரும் கால்களும் வேண்டும். கையில் உள்ள பணத்திற்குள் விழாவை அடக்குவோம். பரிசு வாங்குவதற்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் நாம், தனித்து வாழும் முதியவர் ஒருவரைக் காண்பதற்கும் அவர்களை அழைத்துச் செல்வோம்.

மாணவச் செல்வங்களே! உங்களுக்கும் ஒரு சொல். விடுமுறை முடிந்து வகுப்பறையில் கூடும்பொழுது, "உனக்கு என்ன வாங்கிக் கொடுத்தார்கள்?" என்பதே உங்கள் முதற் கேள்வியாக உள்ளது. அக்கேள்விக்கு விடையின்றித் தலைகுனியும் தோழன் ஒருவன் ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கிறான். அவன் வீட்டில் அன்பு குறைவில்லை. பணம் மட்டுமே குறைவு. இனி, "உன் வீட்டிற்கு யார் வந்தார்கள்? நீ யார் வீட்டிற்குச் சென்றாய்?" என்று கேளுங்கள். அதற்கு விடை கூற எந்தப் பிள்ளையும் தலைகுனிய வேண்டியதில்லை.

இங்கு உரைத்தவை கிறிஸ்தவர்க்கே முதற்கண் உரியவை. எனினும் தீபாவளியும், பொங்கலும், நோன்புப் பெருநாளும், சீனப் புத்தாண்டும் கொண்டாடும் எவர் வீட்டு வாயிலிலும் அதே பொற்கன்று வந்து நிற்கிறது என்பதை யாவரும் அறிவர். தொழுவத்தில் பிறந்தவருக்கு ஏற்ற விழா, தொழுவத்தில் இருந்தவர்களும் தயக்கமின்றி நுழையக்கூடிய விழாவாக அமைதல் வேண்டும். அத்தகைய விழாவைக் கொண்டாடப் பெருஞ்செல்வம் தேவையில்லை. பரந்த நெஞ்சமே தேவை. அந்நெஞ்சத்தைப் பெற்றோர் பிள்ளைகளுக்கு வழங்குவார்களாக! பிள்ளைகளின் காதணிகள் காதிலேயே ஒளிவீசுவதாக!

அனைவர்க்கும் கிறிஸ்து பிறப்புப் பெருநாள் நல்வாழ்த்துகள் உரித்தாகுக!