வடிகட்டி மாட்டினால் போதுமா?

'வடிகட்டின முட்டாள்' என்று திட்டுவது நம் ஊர் வழக்கம். கலப்பே இல்லாத முட்டாள் என்று அதற்குப் பொருள். முட்டாள்தனத்தை வடிகட்டுவதால் யாருக்கும் லாபம் இல்லை. ஆனால் டீசல் எண்ணெயை வடிகட்டாமல் விட்டால், ஒரு குடும்பத்தின் பிழைப்பே நடுரோட்டில் நின்றுவிடும்!

அமெரிக்காவில் டெக்சாஸ், அயோவா போன்ற மாநிலங்களில் உள்ள விவசாயிக்கு 'பிக்கப்' லாரிதான் வலது கை. முன்னால் உட்கார இடம். பின்னால் திறந்த தொட்டி. வைக்கோல் கட்டு ஏற்றுவதும் அதில்தான். மாடுகள் நிற்கும் டிரெய்லரைப் பூட்டி இழுப்பதும் அதில்தான். பாரம் அதிகம் இழுப்பவர்கள் டீசல் வண்டியையே விரும்பி வாங்குகிறார்கள்.

இந்த வண்டிக்காரர்களிடையே ஒரு பழக்கம் பரவி இருக்கிறது. கம்பெனி வைத்த டீசல் பில்டர் போதாது என்று, கடையில் இன்னொரு பில்டர் வாங்கி, வீட்டுக் கொட்டகையில் தாங்களே மாட்டிக்கொள்கிறார்கள். இது தேவைதானா? தேவைதான். ஆனால் மாட்டிவிட்டால் கவலை தீர்ந்தது என்று நினைக்கிறார்களே, அதுதான் தவறு!

கண்ணுக்குத் தெரியாத எதிரி

ஒரு மில்லி மீட்டரை ஆயிரம் கூறு போட்டால், அதில் ஒரு கூறுக்கு 'மைக்ரான்' என்று பெயர். மனிதனின் தலைமயிர் சுமார் 70 மைக்ரான் பருமன். 40 மைக்ரானுக்குக் குறைந்த தூசி சாதாரணமாகக் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டருக்குள், ஒன்றோடு ஒன்று உரசி நகரும் பாகங்களுக்கு நடுவே உள்ள இடைவெளி சில மைக்ரான்தான். 'எண்ணெய் பளிங்கு மாதிரி இருக்கிறது' என்று நாம் பார்த்துச் சொல்வதற்கு அங்கே மதிப்பே இல்லை.

2001-ம் ஆண்டு மாடலாக வந்த 'டூராமாக்ஸ்' என்ஜினை எடுத்துக்கொள்ளுங்கள். ஜெனரல் மோட்டார்சும் ஜப்பானின் இசுசு கம்பெனியும் சேர்ந்து செய்தது. 6.6 லிட்டர், 8 சிலிண்டர். அதில் டீசல் சுமார் 1,600 பார் அழுத்தம் வரை ஏறுகிறது. கார் டயரில் உள்ள காற்றின் அழுத்தம் 2 பார் சொச்சம்தான் என்றால் கணக்குப் பார்த்துக்கொள்ளலாம். அந்த வேகத்தில் போகும் டீசலில் ஒரு பொடி மணல் இருந்தால், அது இரும்பையும் அரம்போல ராவிவிடும். பிறகு டீசல் அளவு மீறி ஒழுகும், புகை கக்கும், என்ஜின் எண்ணெயிலும் டீசல் கலக்கும்.

எட்டு இன்ஜெக்டர்கள் படுத்திய பாடு

2001 முதல் 2004 வரை வந்த அந்த என்ஜின்களில் இன்ஜெக்டர் பழுது பெரிய தலைவலி ஆயிற்று. முடிவில், இன்ஜெக்டர்களுக்கு மட்டும் 7 ஆண்டு அல்லது 2 லட்சம் மைல் வரை கம்பெனியே பொறுப்பு ஏற்றது. பழி முழுவதையும் தூசியின் மேல் போட்டுவிட முடியாது. இன்ஜெக்டரின் அமைப்பிலும் குறை இருந்தது. அவை என்ஜினின் மேல்மூடிக்குள் இருந்ததால், மாற்றுவதும் பெரிய வேலை. அடுத்து வந்த என்ஜினில் அவற்றை மூடிக்கு வெளியே கொண்டுவந்துவிட்டார்கள்.

அந்த 7 ஆண்டு எப்போதோ முடிந்துவிட்டது. வண்டிகளில் பல இன்னும் ஓடுகின்றன. இன்று எட்டு இன்ஜெக்டரையும் மாற்ற வேண்டும் என்றால், பல ஆயிரம் டாலர் சொந்தக்காரரின் பையிலிருந்து போக வேண்டும். அவர் இரண்டாவது பில்டரைத் தேடுவதில் என்ன ஆச்சரியம்?

உறிஞ்சும் பம்பு

இங்கேதான் ஒரு பொறி இருக்கிறது. அந்த வண்டியின் டாங்கியில் எண்ணெயைத் தள்ளிவிடும் பம்பு கிடையாது. முன்னால் என்ஜினோடு இருக்கும் பம்புதான், பின்னால் இருக்கும் டாங்கியிலிருந்து டீசலை உறிஞ்ச வேண்டும். வழியில் ஒரு பில்டர் ஏற்கெனவே இருக்கிறது. இன்னொன்றும் வைத்தால் என்ன ஆகும்? இளநீரைக் குழாய் வைத்து உறிஞ்சுவது சுலபம். அந்தக் குழாயின் நுனியில் துணியைக் கட்டிவிட்டு உறிஞ்சினால்? கன்னம் வலிக்கும், தாகம் தீராது!

இன்னொரு சங்கடமும் உண்டு. உறிஞ்சும் குழாயில் எங்காவது இணைப்பு தளர்ந்தால், வண்டி ஓடும்போது எண்ணெய் வெளியே சொட்டாது. காற்று உள்ளே புகும். தரை காய்ந்தே இருக்கும். காலையில் வண்டி கிளம்பாது. புதிதாக மாட்டும் ஒவ்வொரு இணைப்பும் காற்று புகுவதற்கு ஒரு புது வாசல்.

ஆகவே, பில்டரோடு கூட டாங்கிக்குப் பக்கத்தில் எண்ணெயைத் தள்ளிக்கொடுக்கும் சிறு பம்பு ஒன்றும் வைப்பதே புத்திசாலித்தனம். 2017 மாடலில் கம்பெனியே டாங்கிக்குள் அப்படி ஒரு பம்பு வைத்துவிட்டது. பாதி வேலை செய்வதைவிட, பில்டரைத் தொடாமல் இருப்பதே மேல்.

அழுக்குக் கை

அடுத்தது, மாட்டும் கை. தூசியைத் தடுக்க வாங்கிய சாமானை, தூசி படிந்த கொட்டகையில் வைத்துப் பிரிக்கிறார்கள். ரம்பத்தால் குழாயை அறுக்கிறார்கள். இரும்புப் பொடி உள்ளேயே விழுகிறது. ஒரு வருஷத்தில் உள்ளே போகாத அழுக்கு ஒரே மணி நேரத்தில் போய்விடுகிறது!

குழாயை அதற்கு உரிய கட்டரால் வெட்ட வேண்டும். வெட்டிய வாயை உடனே மூட வேண்டும். பில்டரை வண்டிச் சட்டத்தில், புகைக் குழாயின் சூடு படாத இடத்தில், கல் அடிக்காத உயரத்தில் பொருத்த வேண்டும். ரப்பர் வளையத்தில் சுத்தமான டீசலைத் தடவிக் கையாலேயே இறுக்க வேண்டும்.

பலர் செய்யும் பிழை ஒன்று உண்டு. காற்று நிற்கக் கூடாது என்று, புது பில்டரின் நடு ஓட்டையில் டீசலை ஊற்றி நிரப்புகிறார்கள். நடு ஓட்டை என்பது சாதாரணமாக வடிகட்டிய எண்ணெய் வெளியேறும் வழி. அதில் ஊற்றியது வடிகட்டாமலே பம்புக்குப் போகும்! இந்த வண்டியில் பில்டரின் தலையிலேயே கைப் பம்பு இருக்கிறது. அதை அழுத்தி எண்ணெய் ஏற்றிக் காற்றை வெளியேற்றுவதே முறை. சோம்பலுக்குக் குறுக்கு வழி. குறுக்கு வழிக்குப் பல ஆயிரம் டாலர் அபராதம்.

பெட்டியில் அச்சிட்ட எண்

'2 மைக்ரான்' என்று பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தால் மயங்கிவிடக் கூடாது. அந்த அளவுத் தூசியில் எத்தனை பங்கைப் பிடிக்கும் என்று கேட்க வேண்டும். 75 துகள் வந்து, அதில் ஒன்று மட்டும் தப்பினால் அது நல்ல பில்டர். பாதி தப்பினாலும் '2 மைக்ரான்' என்று அச்சடிக்கத் தடை இல்லை.

தண்ணீரையும் மறக்கக் கூடாது. கம்பெனி பில்டரின் அடியில், தண்ணீர் சேர்ந்தால் விளக்கை எரியச் செய்யும் கருவி இருக்கிறது. அதை எடுத்துவிட்டு வேறு பில்டர் மாட்டுகிறவர்கள், அந்தக் கருவிக்கு இடம் உள்ளதா என்று பார்ப்பதில்லை. காவல்காரனை அனுப்பிவிட்டுக் கதவுக்குப் புதுப்பூட்டுப் போட்ட கதை இது.

எல்லா நோய்க்கும் பில்டர் மருந்தும் அல்ல. 2011 முதல் 2016 வரையிலான மாடல்களில் வேறு வகைப் பம்பு வந்தது. அது தேய்ந்து உடைந்தால், இரும்புத் தூள் இன்ஜெக்டர் வரை பாய்கிறது. பம்புக்கு முன்னால் நிற்கும் பில்டர், பின்னால் நடக்கும் திருட்டை எப்படித் தடுக்கும்?

வெளிச் சாமான் மாட்டினால் கம்பெனியின் உத்தரவாதம் போய்விடும் என்று சிலர் பயப்படுகிறார்கள். அமெரிக்காவில் 1975-ல் வந்த சட்டப்படி, வேறு சாமான் மாட்டினார் என்பதற்காக மட்டும் உத்தரவாதத்தை மறுக்க முடியாது. பழுதுக்கு அந்தச் சாமானே காரணம் என்று காட்ட வேண்டும். ஆனால் அரைகுறையாக மாட்டியவர், அந்தக் காரணத்தைத் தாமே கம்பெனியின் கையில் கொடுத்துவிடுகிறார்!

இரண்டாவது பில்டர் நல்லதே. ஆனால் அது இரண்டாவது பொறுப்பு. மாட்டிய தேதியையும் மைலையும் குறித்து வைத்து, தவணை வந்ததும் இரண்டையும் மாற்ற வேண்டும். இரண்டு இருக்கிறதே என்று இரண்டையும் மறந்துவிடுபவருக்கு என்ன பெயர்? நம் ஊரில் அதற்கு ஒரு பெயர் இருக்கிறது. ஆரம்பத்திலேயே சொல்லியாகிவிட்டது!