ஆவி பிடிக்கப்போய் வெந்த பிஞ்சுகள்

கொரோனாவுக்குப் பயந்து செய்த கைவைத்தியமே சில குழந்தைகளைத் தீக்காயப் பிரிவில் படுக்க வைத்தது. ஆவி பிடிக்கும்போது கொதிநீர் கொட்டி வெந்துபோன குழந்தைகளின் வருகை வழக்கத்தைவிட சுமார் 30 மடங்கு கூடிவிட்டதாக, பிரிட்டனின் பர்மிங்காம் மருத்துவர்கள் 2020-ல் 'லான்செட்' இதழில் எச்சரித்தனர். ஆவி இந்த வைரஸைக் கொல்லும் என்பதற்கோ ஆதாரம் இல்லை.

ஊரடங்கில் பள்ளிகள் மூடப்பட்டன. பிள்ளைகள் நாள் முழுக்க அடுப்படியைச் சுற்றி வந்தார்கள். பெரும்பகுதி ஆல்கஹாலான சானிடைசரும் வீட்டுக்குள் வந்தது. அது கையில் காயும் முன் அடுப்பைப் பற்றவைத்தால் தீப்பிடிக்கும்.

மருத்துவமனையிலும் நெருக்கடி. பெரிய தீக்காயத்துக்குத் தீவிர சிகிச்சைப் படுக்கை, வென்டிலேட்டர், மயக்க மருந்து நிபுணர், ரத்தம் எல்லாம் வேண்டும். இவற்றில் பெரும்பாலானவை கொரோனா நோயாளிகளுக்கும் தேவைப்பட்டன. தோல் என்னும் அரணை இழந்தவருக்குக் கிருமித் தொற்று எளிதில் வரும். தொற்றுக்குப் பயந்தும் வண்டி கிடைக்காமலும் தாமதித்தால் காயம் சீழ் பிடிக்கும், உயிருக்கே ஆபத்தாகும்.

அடுத்த பெருந்தொற்று எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. படுக்கைகளை ஒதுக்கும்போது தீக்காயப் பிரிவை விட்டுவைப்பது அரசின் கடமை. வீட்டில் நம் கடமையும் உண்டு. குழந்தைகளுக்கு ஆவி பிடிக்க வேண்டாம். சுட்டுவிட்டால் பேஸ்ட், மை, மாவு எதையும் பூசாமல், 20 நிமிடம் குழாய்த் தண்ணீரைக் காயத்தில் ஓடவிடுங்கள். பிறகு தயங்காமல் மருத்துவமனைக்குப் புறப்படுங்கள்.