பூச்சியத் தரகுக்குப் பின்னால் உள்ள விலை: நிதி அமைச்சருக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு நிதி அமைச்சர் பிரான்சுவா-பிலிப் ஷாம்பெய்ன் அவர்களுக்கு,



முதலீட்டுக் கணக்கை ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது அறவிடப்படும் கட்டணத்தைத் தடைசெய்யப் போவதாக, 2025 நவம்பர் 4ஆம் திகதி தாக்கல் செய்த வரவுசெலவுத் திட்டத்தில் அறிவித்தீர்கள். அதற்கு முதலில் நன்றி. அந்த வேலையைப் பாதியோடு நிறுத்திவிட வேண்டாம் என்று கேட்கவே இதை எழுதுகிறேன். கட்டணமின்றிக் கணக்கை மாற்ற விடுவது ஒரு பாதி. எங்கே மாற்றினால் உண்மையிலேயே செலவு குறையும் என்று ஒரு சாதாரணக் குடும்பம் தானாகவே கணக்குப் பார்க்கக்கூடியதாக இருப்பது மறுபாதி. அந்த மறுபாதி கனடாவில் இன்னும் வரவில்லை.

வரிக் காலத்தில் ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் தமிழ்க் குடும்பங்களோடு உட்கார்ந்து ரி.எஃப்.எஸ்.ஏ., ஆர்.ஆர்.எஸ்.பி., எஃப்.எச்.எஸ்.ஏ. ஆகிய வரிச்சலுகைக் கணக்குகளை விளக்குகிறவன் நான். இந்த மக்களுக்குக் கணக்குத் தெரியாது என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். சீட்டில் கழிவு எவ்வளவு போனது, சீட்டு நடத்துபவருக்கு எவ்வளவு, கைக்கு வந்தது எவ்வளவு என்பதைச் சதம் பிசகாமல் சொல்வார்கள். அதே மனிதர்கள் இணையவழி முதலீட்டுத் தளங்களை ஒப்பிட முயலும்போது திணறிப் போகிறார்கள். ஏனென்றால் சீட்டில் எல்லாத் தொகையும் எல்லோர் முன்னாலும் சொல்லப்படுகிறது. இங்கே அப்படி இல்லை.

விலை குறைந்திருக்கிறது என்பதை மறுக்கவில்லை. ரொறன்ரோ பங்குச்சந்தையில் 1983 ஏப்ரல் வரை தரகுக் கட்டணம் நிலையாக விதிக்கப்பட்டிருந்தது. பேரம் பேச இடமே இல்லை. அதன் பின் போட்டி வந்தது. பெரிய வங்கிகளின் தளங்கள் பலகாலம் ஒரு கொள்வனவுக்கு 9.95, 9.99 டொலர் என்று வாங்கிவந்தன. 2019இல் வெல்த்சிம்பிள் என்ற இணையவழித் தளம் பூச்சியத் தரகோடு வந்தது. 2021 ஓகஸ்டில் நேஷனல் பேங்க் தன் நேரடித் தரகுத் தளத்தில் கட்டணத்தை எடுத்துவிட்டது. 1999இல் தொடங்கிய குவெஸ்ட்ரேட் 2025 பெப்ரவரியில் பங்குகளுக்கும், பங்கைப் போலவே சந்தையில் வாங்கி விற்கப்படும் நிதியங்களான ஈ.ரி.எஃப்.களுக்கும் தரகு இல்லை என்று அறிவித்தது. மாதம் 100 டொலர் போடுகிற இளம் குடும்பத்துக்கு இது பெரிய மாற்றம். முன்பு 100 டொலருக்குப் பங்கு வாங்கினால் கிட்டத்தட்ட பத்து டொலர் தரகிலேயே போய்விடும்.

ஆனால் தரகு பூச்சியமானதும் வேறு செலவுகள் கண்ணுக்குத் தெரியாத இடங்களுக்கு நகர்ந்துவிட்டன. ஒருவர் தன் கைபேசியில் 10,000 கனேடிய டொலருக்கு அமெரிக்கப் பங்கு ஒன்றை வாங்கப் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். திரையில் தரகு 0.00 டொலர் என்று இருக்கும். அதற்குக் கீழே நாணய மாற்று வீதம் என்று நான்கு தசம இடங்களோடு ஓர் எண் இருக்கும். சந்தை வீதத்துக்கும் அந்த எண்ணுக்கும் உள்ள இடைவெளியில்தான் நிறுவனத்தின் வருமானம் இருக்கிறது. பல தளங்களில் அது ஏறக்குறைய 1.5 சதவீதம். அதாவது, அழுத்திய அந்தக் கணத்தில் 150 டொலர் போய்விட்டது. அதே பங்கை அதே விலைக்கு விற்றுக் கனேடிய டொலருக்குத் திரும்பினால் இன்னொரு 150. ஏறத்தாழ 300 டொலர் செலவான ஒரு கொடுக்கல் வாங்கலை அந்தக் குடும்பம் இலவசம் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறது. தரகு இல்லாததால் மிச்சமானது இருபது டொலர்.

இதே வேலையை இன்டரக்டிவ் புரோக்கர்ஸ் தளத்தில் கையால் நாணயம் மாற்றிச் செய்தால் மாற்றுச் செலவு இரண்டு அமெரிக்க டொலரளவில் முடியும். ஆனால் அங்கே பங்குக்குத் தரகு உண்டு, தளமும் புதியவருக்குக் கடினம். இன்னொரு வழி, இந்நாட்டு முதலீட்டாளர்கள் நோபேட்டின் காம்பிட் என்று அழைக்கும் உத்தி: பிரிட்டிஷ் கொலம்பியாவின் முதலீட்டு ஆலோசகர் நோபேட் ஷ்லென்கரின் பெயரால் வந்தது. டி.எல்.ஆர். என்ற ஈ.ரி.எஃப்.ஐக் கனேடிய டொலரில் வாங்கி, அதன் அமெரிக்க டொலர் வடிவத்துக்கு மாற்றச் சொல்லி, சில நாள் காத்திருந்து விற்க வேண்டும். விடயம் தெரிந்தவர் பத்து, இருபது டொலரோடு தப்பிவிடுகிறார். தெரியாதவர் 150 கொடுக்கிறார். தன் சொந்தப் பணத்தை நியாயமான விலையில் மாற்ற ஒரு பிரசை இப்படியொரு வித்தையைக் கற்க வேண்டியிருக்கிறது என்றால், விலை எந்தளவுக்கு மறைந்திருக்கிறது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

அமெரிக்க டொலரை மாற்றாமல் அப்படியே கணக்கில் வைத்திருக்கும் வசதி ஒரு தளத்தில் இலவசம், இன்னொன்றில் மாதக் கட்டணம், வேறொன்றில் பெருந்தொகை வைத்திருப்பவருக்கு மட்டும். வருட முடிவில் வரும் கட்டண அறிக்கையைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்றால் அதுவும் முடியாது. நாணய மாற்று இடைவெளியை டொலர் தொகையாகக் காட்ட வேண்டும் என்ற கட்டாயம் இன்றைய விதிகளில் இல்லை.

கணக்கை மாற்றும் கட்டணத்துக்கு வருகிறேன். வழக்கமாக அது ஒரு கணக்குக்கு 150 டொலர், ஒன்ராறியோவில் எச்.எஸ்.ரி. சேர்த்தால் 169.50. பெரிய தொகையோடு வருபவருக்குப் புதிய தளமே அதைத் திருப்பிக் கொடுத்து வரவேற்கிறது. ரி.எஃப்.எஸ்.ஏ.யில் 6,000 டொலர் மட்டும் வைத்திருக்கும் துப்புரவுத் தொழிலாளிக்கு அந்தச் சலுகை பெரும்பாலும் கிடைப்பதில்லை. அவருடைய சேமிப்பில் கிட்டத்தட்ட மூன்று சதவீதம் வெளியேறும் வாசலிலேயே போகிறது.

இதைத் தவிர்க்கப் பலர் செய்வது இன்னும் ஆபத்தானது. பணத்தைத் தாங்களே எடுத்து, அடுத்த வாரம் புதிய தளத்தில் போட்டுவிடுகிறார்கள். ரி.எஃப்.எஸ்.ஏ.யில் எடுத்த தொகைக்கான பங்களிப்பு இடம் அடுத்த ஆண்டு ஜனவரி முதலாம் திகதிதான் திரும்பக் கிடைக்கும். ஏற்கெனவே தன் வரம்பை நிரப்பியிருந்தவர் அதே ஆண்டில் திரும்பப் போட்டால், மிகையான தொகைக்கு மாதம் ஒரு சதவீதம் வரி. ஆர்.ஆர்.எஸ்.பி.யில் இப்படிச் செய்தால் எடுக்கும்போதே வரி பிடிக்கப்படும். அந்த இடமும் நிரந்தரமாகப் போய்விடும். 150 டொலரை மிச்சப்படுத்தப் போய் வருமானவரித் திணைக்களத்தின் கடிதத்தோடு என் மேசைக்கு வந்தவர்களை நான் அறிவேன். ஆகவே உங்கள் தடை சீக்கிரம் நடைமுறைக்கு வர வேண்டும். கூடவே, மாற்றம் இத்தனை நாளுக்குள் முடிய வேண்டும் என்ற காலக்கெடுவும் வேண்டும். கட்டணம் போய்த் தாமதம் மட்டும் மிஞ்சினால் மக்கள் இதே குறுக்கு வழியைத்தான் தேடுவார்கள்.

வங்கிக் கிளையிலேயே இருந்துவிட்டால் என்ன என்று சிலர் கேட்பார்கள். ஒன்ராறியோ பங்குப்பத்திர ஆணையமும், முதலீட்டு நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் சிரோ அமைப்பும் 2025இல் வெளியிட்ட ஆய்வை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வங்கிக் கிளைகளில் மியூச்சுவல் ஃபண்ட் விற்கும் பிரதிநிதிகளில் நான்கில் ஒருவர், வாடிக்கையாளரின் நலனுக்கு உகந்ததல்லாத பரிந்துரைகள் சில வேளைகளிலாவது வழங்கப்படுவதாகச் சொன்னார். விற்பவர்களே சொன்னது இது. 50,000 டொலர் வைத்திருக்கும் குடும்பம் 2 சதவீத நிர்வாகச் செலவுள்ள ஃபண்டில் இருந்தால் ஆண்டுக்கு 1,000 டொலர் கொடுக்கிறது. உலகப் பங்குகள் அனைத்தையும் ஒன்றாகக் கட்டித் தரும் ஈ.ரி.எஃப். ஒன்றில் அதே தொகைக்கு ஏறத்தாழ 100 டொலர். இருபது ஆண்டுகளில் இந்த வித்தியாசம் ஒரு பிள்ளையின் பல்கலைக்கழகச் செலவில் பெரும்பகுதிக்கு வரும். கட்டணம் தனியாகக் கழிக்கப்படாமல் ஃபண்டின் விலைக்குள்ளேயே கரைந்துபோவதால், தாங்கள் எதுவும் கட்டவில்லை என்று மனதார நம்பும் முதியவர்களை ஒவ்வோர் ஆண்டும் சந்திக்கிறேன்.

மறுபுறம், மலிவான தளம் என்பதாலேயே அது நல்ல தளம் ஆகிவிடாது. ஒன்ராறியோ ஆணையம் 2022இல் வெளியிட்ட பரிசோதனை ஒன்றில், வாங்கி விற்பதற்குப் புள்ளிகள் வழங்கப்பட்டவர்கள் மற்றவர்களைவிட 39 சதவீதம் அதிகமாக வாங்கி விற்றார்கள். தரகு இல்லாத இடத்தில் இந்தத் தூண்டுதல் இன்னும் இலகுவாக வேலை செய்யும். பாதுகாப்பைப் பற்றிய பயமும் உண்டு. சிரோ உறுப்பினரான நிறுவனம் நொடித்துப்போனால் கனேடிய முதலீட்டாளர் பாதுகாப்பு நிதியம் பொதுவாகப் பத்து இலட்சம் டொலர் வரை ஈடு தரும், சந்தை விழுந்தால் தராது என்பதை நான் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. விலை, நாணய மாற்று, பாதுகாப்பு, தூண்டுதல் எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்தால்தான் அது ஒப்பீடு.

பங்குச்சந்தை ஒழுங்கமைப்பு மாகாணங்களின் அதிகாரம் என்று உங்கள் அலுவலகம் பதிலளிக்கலாம். 2011இல் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் தீர்ப்பளித்தது, அதை மதிக்கிறேன். ஆனால் தகவல் தருவதற்கு அந்தத் தீர்ப்பு தடையில்லை. உங்கள் பொறுப்பின் கீழுள்ள கனடா நிதிசார் நுகர்வோர் முகவரகம் வங்கிக் கணக்குகளையும் கடனட்டைகளையும் ஒப்பிடும் கருவிகளை ஏற்கெனவே நடத்திவருகிறது. நிதியறிவை வளர்ப்பது அதன் சட்டபூர்வமான கடமை. மாதம் நான்கு டொலர் வங்கிக் கட்டணத்தை ஒப்பிட்டுப் பார்க்க அரசு உதவுகிறது. 2009 முதல் தகுதி பெற்றிருந்த ஒருவருக்கு 2026 வரை 109,000 டொலர் வரை இடம் தரும் ரி.எஃப்.எஸ்.ஏ.யை எங்கே திறப்பது என்ற கேள்வியில் அவரை விளம்பரங்களிடம் விட்டுவிடுகிறது. இது முறையா?

ஆகவே மூன்று கோரிக்கைகளை முன்வைக்கிறேன்.

முதலாவது, மாகாண ஆணையங்களோடும் சிரோவோடும் சேர்ந்து, முதலீட்டுத் தளங்களுக்கும் ஓர் ஒப்பீட்டுக் கருவியை முகவரகம் உருவாக்க வேண்டும். என்ன கணக்கு, மாதம் எவ்வளவு போடுவேன், அமெரிக்கப் பங்கு வாங்குவேனா என்ற கேள்விகளுக்குப் பதில் கொடுத்தால், ஓர் ஆண்டில் ஒவ்வொரு தளத்திலும் எத்தனை டொலர் செலவாகும் என்று அது சொல்ல வேண்டும். ஆங்கிலமும் பிரெஞ்சும் சரளமாக வராதவர்களுக்கும் புரியும் மொழிகளில் அதன் விளக்கம் கிடைக்க வேண்டும்.

இரண்டாவது, நாணய மாற்றின் செலவை டொலர் தொகையாக, வாங்கும் பொத்தானை அழுத்துவதற்கு முன்பே, தரகு எழுதப்பட்டிருக்கும் அதே அளவு எழுத்தில் காட்டச் செய்ய மாகாணங்களின் இணக்கத்தைப் பெறுங்கள். ஆண்டறிக்கையிலும் அது சேர வேண்டும்.

மூன்றாவது, கணக்கு மாற்றும் கட்டணத்துக்கான தடையைக் காலக்கெடுவோடு சட்டமாக்குங்கள்.

இதற்கான நேரமும் குறுகியது. ஃபண்டுகளுக்குள் மறைந்திருக்கும் செலவை டொலரில் காட்டும் புதிய விதி 2026 ஜனவரியில் நடைமுறைக்கு வந்துவிட்டது. அதன்படி முதல் அறிக்கைகள் 2027 தொடக்கத்தில் வீடுகளுக்கு வரும். இத்தனை ஆண்டுகளாக எவ்வளவு கட்டிக்கொண்டிருந்தோம் என்பதைப் பல குடும்பங்கள் அன்றுதான் முதன்முதலாகக் காணும். அடுத்த கேள்வி, இனி எங்கே போவது என்பதாகவே இருக்கும். ஆர்.ஆர்.எஸ்.பி. பருவத்தின் விளம்பரங்கள் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஆயத்தமாகக் காத்திருக்கின்றன. அவற்றுக்கு முன்பாக உங்கள் அரசின் பதில் அந்தக் குடும்பங்களின் கையில் இருக்க வேண்டும் என்று வேண்டிக் கேட்கிறேன்.

இப்படிக்கு,
உண்மையுள்ள,
ஸ்காபரோவிலிருந்து ஒரு தமிழ்க் கனேடியன்