கால் அறியும் வண்ணம்

கிதார் வாசிப்பவரின் விரல்களை எல்லோரும் பார்க்கிறோம். கால்களைப் பார்த்ததுண்டா, தோழியரே? மின்கிதாருக்கும் ஒலிபெருக்கிக்கும் நடுவே, தரையில் சில சிறு உலோகப் பெட்டிகள் கிடக்கும். அவற்றைப் பெடல் என்பார்கள். ஒன்றை மிதித்தால் நாதம் கரகரக்கும்; மற்றொன்றை மிதித்தால் அலைபோல் சுழலும். அப்பெட்டிகளின் மேலுள்ள வண்ணமும் எழுத்தும் வெறும் அலங்காரமே என்று கூறுவோர் உண்டு. நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அமெரிக்காவில் 1962-இல் வெளிவந்த மேஸ்ட்ரோ பெடல் பழுப்பு நிறத்தில், ஏதோ அலுவலகக் கருவி போலிருந்தது. 1966-இல் லண்டன் ஆர்பிட்டர் நிறுவனம் செய்ததோ வட்டமானது. ஒலிவாங்கி நிற்கும் தாங்கியின் அடித்தட்டைப் பார்த்து எழுந்த யோசனையாம்! இரு குமிழ்கள் கண்களாகவும், கீழே வளைந்த பட்டை வாயாகவும் அமைந்து, அது நம்மைப் பார்த்துச் சிரிக்கும்.

எம்.எக்ஸ்.ஆர். நிறுவனத்தின் ஆரஞ்சு நிறப் பெடலான 'ஃபேஸ் 90' 1974-இல் வந்தது. முதலில் நிறுவனப் பெயரைக் கையெழுத்துப் போன்ற வளைவெழுத்தில் அச்சிட்டார்கள். 1977-ஐ ஒட்டிக் கட்டை எழுத்துக்கு மாறினார்கள். வளைவெழுத்துப் பெட்டிக்கு இன்று விலை அதிகம். பிற்காலத்தில் உள்ளே ஒரு மின்தடையைச் சேர்த்ததால்தான் ஒலி மாறியது. எழுத்து என்ன செய்யும், பாவம்! ஆயினும் இன்று அதே பெயரில் விற்கும் ஒரு பெடலில், பழைய ஒலிக்கான பொத்தானுக்கே 'ஸ்கிரிப்ட்', அதாவது கையெழுத்து, என்று பெயர். உறையின் எழுத்தே ஒலிக்குப் பெயராகிவிட்ட விந்தையைப் பாருங்கள்.

எனினும் என் வாக்கு ஜப்பானின் பாஸ் நிறுவனத்துக்கே. 1977-இல் அவர்கள் மஞ்சள், பச்சை, சிவப்பு என மூன்று பெடல்களை வெளியிட்டார்கள். மூன்றுக்கும் ஒரே வடிவம். கால் பட்டுத் திரும்பாதபடி குமிழ்கள் மேலே பதிந்திருக்கும். மிதிக்கும் இடம் அகலமாக, ரப்பர் பதித்திருக்கும். வாசிப்பவர் நின்றுகொண்டு ஐந்தடி உயரத்திலிருந்து, மங்கிய மேடை வெளிச்சத்தில், பாட்டின் நடுவே ஒரு நொடி குனிந்து பார்க்கிறார். அந்த ஒரு நொடியில் எழுத்தைப் படிக்க முடியுமா? வண்ணம்தான் வழிகாட்டும். அழகு என்பது இதுவன்றோ?

அவர்களிடமும் குறையுண்டு. நூற்றுக்கு மேற்பட்ட பெடல்கள் வந்தபின் வண்ணங்கள் தீர்ந்துபோயின. நீலத்தில் மட்டுமே எத்தனை!

இன்றைய சில பெடல்களோ கண்ணைப் பறிக்கும் ஓவியங்களோடு வருகின்றன. குமிழுக்குப் பெயர்கூட இருப்பதில்லை. சுவரில் மாட்டலாம், மேடையில் எதைத் திருப்புவது? ஓவியம் வேண்டாமென்று நான் சொல்லவில்லை. அதை ஓரத்தில் வரையட்டும். குமிழின் பெயரை மட்டும் நின்றபடியே படிக்கும் அளவில் எழுதட்டும்.